முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

"என் பொண்ணு என்னைத் திருடின்னு நினைக்கறா, பாய். ஊரே நினைச்சாலும் தாங்கிப்பேன். ஏழு வயசுக் குழந்தை நினைக்கறதைத் தாங்க முடியலை."

தாராவித் தொண்ணூறடி ரோட்டில், பை தைக்கும் பட்டறைக்கு மாடியில் இருந்த அந்தச் சின்னத் துப்பறியும் ஆபீஸில் வந்து உட்கார்ந்ததும் சுஷ்மா சொன்ன முதல் பேச்சு இதுதான். கொடுத்த தண்ணீரை அவள் தொடவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. ஸ்ரீலேகா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஜெயினுலாப்தீன் நாற்காலியில் அசையாமல் இருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நனைந்த சரக்கையும் பார்த்துப் பார்த்துத் தலை நரைத்த மனிதர். கடைக்குத் தீ வைத்தவனே முதலில் அழுவான் என்பதை அங்கேதான் கற்றார். அவசரம் அவருக்கு ஆகாது. ஸ்ரீலேகா நேர் எதிர். செம்பூரில் நல்ல பாங்க் வேலையை உதறிவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். ஒரு துப்பு கிடைத்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு ஞாபகம் வராது.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா," என்றார் ஜெயினுலாப்தீன். "எனக்கு நாணயத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாதவன்கிட்ட சொல்லுத மாதிரி சொல்லுங்க."

அவள் சொன்னாள். மாமனார் வேங்கடசுப்ரமணியன், அவள் அப்பா என்றே கூப்பிடுகிறவர், மாட்டுங்காவில் ரிட்டயரான அதிகாரி. வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய்களை வருஷவாரியாகச் சேர்ப்பவர். சேர்த்ததையெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவார். அவர்கள் அசல்தானா என்று சோதித்து, தரம் எழுதி, நாணயத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஓரத்தை உருக்கி ஒன்றாக்கி அனுப்புவார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயர். உடைத்தால்தான் திறக்கும். உடைத்துவிட்டால் கம்பெனியின் உத்தரவாதமும் அதோடு சரி.

அவரிடம் இருந்ததிலேயே மதிப்பானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய். அந்த வருஷத்து வெள்ளி ரூபாய் மிகவும் அபூர்வம். அதனால் முப்பத்தெட்டாம் வருஷத்து ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஸ்லாப்புக்குள் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

"அப்பா அந்தப் பிளாஸ்டிக்கைத் தடவிண்டே உக்காந்திருப்பார். காசைக் கையால தொட்டதே இல்லை. எனக்குப் பாவமா இருந்தது. பிறந்தநாளைக்கு ஒரு ஆல்பம் வாங்கிக் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு குழி, அதுல காசைப் பதிக்கணும். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார், பாய். 'எல்லாத்தையும் உடைச்சு இதுல போட்டுடறேன், எனக்கு விக்கறதுக்கா வேணும்'னார்."

அப்படித்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் துண்டை விரித்து, கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூடிரைவருமாக வேலை ஆரம்பித்தது. பக்கத்தில் மேல்மாடி ஜெயராம். அவரும் நாணயக்காரர்தான். சுஷ்மா காப்பி கொடுத்துக்கொண்டும், குடும்பத்து வாட்ஸாப் குரூப்புக்காகப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டும் இருந்தாள். கணவன் நகுல் வாஷியில் ஆபீஸில் இருந்தான். முப்பத்தொன்பதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று குரூப்பில் செய்தி போட்டான். யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் ஆண்கள் இருவரும் ஓட்டலில் சாப்பிடப் போனார்கள். சுஷ்மா மேஜையைத் துடைத்தாள். சாயங்காலம் ஆல்பத்தில் பதிக்கும் முன் ஜெயராம் லென்ஸில் பார்த்தார். முப்பத்தொன்பதின் ஒன்பது, சுரண்டின எட்டு.

"ஸ்லாப்புக்குள்ள அசல். வெளியே வந்ததும் போலி. நடுவுல தனியா இருந்தவ நான். ஆல்பம் வாங்கினவளும் நான். 'உடைக்க வைக்கத்தான் வாங்கினே'ன்னார் அப்பா. நகுல் தலையைக் குனிஞ்சுண்டு நின்னார். என்னைச் செம்பூர்ல எங்க அம்மா ஆத்துக்கு அனுப்பிட்டா, குழந்தை தாரிணியை மட்டும் அங்கேயே வெச்சுண்டா. எங்க அம்மாகூட, எடுத்திருந்தா கொடுத்துடுடின்னு சொல்றா." சுஷ்மா நிறுத்திவிட்டு, பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா தாரிணியைக் கூப்பிட்டு, 'அம்மா கையில காசைப் பார்த்தியா'ன்னு கேட்டார். பார்த்தேன்னா. துடைக்கறப்போ எடுத்தேன்தானே. குழந்தை பொய் சொல்லலை."

ஸ்ரீலேகா அந்த வீடியோவைக் கேட்டு வாங்கினாள்.

சுஷ்மா போன பிறகு அதை அவள் மூன்று தடவை பார்த்தாள். யாருடைய கை எங்கே போகிறது என்பதிலேயே கண். "ஜெயராம் கையுறை போட்டிருக்கார், பாய். ஒரு தடவை பாக்கெட்டுக்குள்ள கை போறது பாருங்கோ."

ஜெயினுலாப்தீன் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிளேயர் கடிக்கிற சத்தம், பிளாஸ்டிக் படீரென்று தெறிக்கிற சத்தம், கிழவர் மூச்சு வாங்குகிற சத்தம், திரும்பவும் படீர். பிறகு ஜெயராமின் குரல்: 'அடுத்தது முப்பத்தொன்பது. பார்த்து வேங்கட்டு. அட, இதுக்கு வெளியே வர என்ன அவசரம்?' இன்னும் இரண்டு மெல்லிய ஓசைகளோடு வீடியோ முடிந்தது.

"அந்தக் கடைசிப் பாகத்தை இன்னொரு தடவை வைங்க," என்றார். கேட்டார். "சரி. நாளைக்கு மாட்டுங்கா போவோம்."

வேங்கடசுப்ரமணியன் அவர்களை உள்ளே விட்டதற்கு ஒரே காரணம், அப்போது ஜெயராம் அங்கே உட்கார்ந்திருந்ததுதான். நண்பன் முன்னால் கதவைச் சாத்தினால் நன்றாக இருக்காது. வெற்று மேலோடு, விபூதியோடு, மிக மரியாதையாக இருந்தார். பூணூலில் ஒரு பித்தளைச் சாவி தொங்கியது.

"பீரோ சாவி," என்றார் அவராகவே. "இது என் உடம்பை விட்டு இறங்கினதே கிடையாது. அதனால உடைக்கறதுக்கு முன்னாடி யாரும் கை வைக்கச் சான்ஸே இல்லை. மாட்டுப்பொண்ணை நான் போலீஸ்ல கொடுக்கலை. அந்த அளவுக்கு நான் மனுஷன்."

ஆல்பத்தைக் காட்டினார். வரிசையாகப் பதித்த வெள்ளி முகங்களுக்கு நடுவே ஒரு குழி காலி. ஒரு பிஸ்கட் டின்னில் உடைத்த ஸ்லாப்புகளின் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் அதனதன் லேபிளோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். எந்தக் காசு எந்தச் சான்றிதழோடு வந்தது என்பது பின்னாளில் தெரிய வேண்டும் என்பதற்காக நாணயக்காரர்கள் இப்படிச் செய்வது வழக்கமாம். துண்டுகளின் ஓரமெல்லாம் முறிந்து வெளுத்திருந்தது.

"முப்பத்தொன்பதோட துண்டு?"

"அதைப் பார்த்தாலே வயிறு எரிஞ்சது. குப்பையில போட்டேன்."

பீரோவில் இன்னும் சில ஸ்லாப்புகள் உடைக்காமல் இருந்தன. ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று ஸ்ரீலேகா கேட்டாள். கை வலி என்றார் கிழவர்.

மாடிப்படியில் ஜெயராம் கூடவே வந்தார். ஸ்ரீலேகா அவருடைய ஜிப்பா பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கை வலின்னு நிறுத்தினாரா?" என்று ஜெயினுலாப்தீன் கேட்டார்.

"சொன்னான். ஆனா அதுவரைக்கும் பம்பரமா இருந்தான், பாய். முப்பத்தொன்பதைத் திறந்ததும் முகம் செத்துப்போச்சு. நெஞ்சு வலியோன்னு பயந்துட்டேன். போன வருஷம் ஸ்டென்ட் வெச்சிருக்கானே."

"ஆஸ்பத்திரியில உடம்பு மேல உலோகம் எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னா. மோதிரம், சாவி எல்லாம் கழட்டச் சொன்னா. நான்தான் பக்கத்துல இருந்தேன். சாவியை நகுல் வாங்கி, அங்கேயே தன் பூணூல்ல முடிஞ்சுண்டான். வேங்கட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் திருப்பிக் கொடுத்தான்."

ஜெயினுலாப்தீன் நன்றி சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். இருவரும் மாஹிம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். ஸ்ரீலேகா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஜெயராம் இல்லையா?"

"அவர் பாக்கெட்டுல மூக்குப்பொடி டப்பா இருக்கு. கையை விட்டுட்டு வந்ததும் தும்முதாரு, வீடியோவுல கேக்கலியா?" என்றார். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கணும். சின்னப் பிள்ளை மட்டும் அந்நேரம் வேற எங்கயாவது இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. தாரிணியைக் கீழ்வீட்டில் விளையாட அனுப்பியிருந்தார்கள். அதே சாப்பாட்டு மேஜை. ஒரு பக்கம் கிழவரும் நகுலும், எதிரே ஜெயராம். சுஷ்மாவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவள் சமையலறை வாசலில், தன் சொந்த வீட்டில், வந்த விருந்தாளி மாதிரி நின்றாள். ஸ்ரீலேகா எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினாள்.

"ஐயா, ஒரு உதவி," என்றார் ஜெயினுலாப்தீன். "மிச்சம் இருக்குத ஸ்லாப்புல மலிவான ஒண்ணை எங்க முன்னால உடைக்கணும்."

"எதுக்கு?"

"ஆல்பத்துல போடத்தானே போறீங்க."

ஜெயராம் எழுந்து போய்ப் பிளேயரை எடுத்துவந்து நண்பர் முன்னால் வைத்தார். கிழவர் மறுக்க வழியில்லை. துண்டை விரித்தார். மூலையைக் கடித்தார், திருகினார், நெற்றி வேர்த்தது. கடைசியில் படீரென்று ஒரு சத்தம். துண்டு ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. அதன் ஓரம் வெள்ளையாக முறிந்திருந்தது.

"நல்லது. இப்ப இதைக் கேளுங்க. பாக்க வேண்டாம், கேளுங்க."

ஸ்ரீலேகா வீடியோவை ஓட்டினாள். படீர். மூச்சு. படீர். மூச்சு. பிறகு முப்பத்தொன்பது. ஜெயராமின் குரல் வந்தது, பிளேயர் மேஜையில் வைக்கப்படும் ஓசை வந்தது, நாணயம் துண்டில் விழும் மெத்தென்ற ஓசை வந்தது. உடைகிற சத்தம் வரவில்லை.

"ஆமாம்," என்றார் ஜெயராம். "டிபன் டப்பா மாதிரி திறந்துது. நான்கூடக் கிண்டல் பண்ணினேன்."

"உருக்கி மூடினது உடையும். பசை போட்டு ஒட்டினது திறக்கும்," என்றார் ஜெயினுலாப்தீன். "அது கம்பெனி மூடின ஸ்லாப் இல்லை. அசலோட லேபிளைப் பாத்து, அதே நம்பரைப் போட்டுச் செஞ்ச போலி ஸ்லாப். உள்ள இருந்ததும் போலி ரூபாய். மேஜையில யாரும் எதையும் மாத்தலை. மேஜைக்கு வரும்போதே அது போலிதான். ஸ்லாப்புக்குள்ள இருந்ததால அசல்னு எல்லாரும் நம்பினோம். அந்த நம்பிக்கைதான் சுஷ்மாவைத் தெருவுல நிறுத்திச்சு."

நகுல் போனை எடுத்தான், திரும்ப வைத்தான்.

"பீரோவுல இருந்து அசலை எடுத்துப் போலியை வைக்கச் சாவி வேணும். சாவி உடம்பை விட்டு இறங்கினதே இல்லைன்னு ஐயா சொன்னாங்க. ஆஸ்பத்திரியில இறங்கிச்சு. மேஜையில வெச்சிருந்தா வீட்டுல யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம், சுஷ்மாவும்தான். ஆனா அது மேஜைக்குப் போகலை. மகனோட பூணூலுக்குப் போச்சு. பொம்பளை கைக்கு வராத இடம் அது. குளிச்சாலும் தூங்கினாலும் அவர் உடம்புலயே இருந்துருக்கு. முப்பத்தொன்பதை மட்டும் திறக்காதீங்கன்னு ஆபீஸ்ல இருந்து பதறினவரும் அவர்தான்."

"மார்க்கெட்ல மாட்டிண்டேன்," என்றான் நகுல். யாரையும் பார்க்கவில்லை. "ஷேர்ல. ரெண்டு மாசத்துல திருப்பி வாங்கி வெச்சுடலாம்னு நினைச்சேன். அப்பா ஜென்மத்துல அதை உடைக்க மாட்டார்னு நினைச்சேன். இவ போய் ஆல்பம் வாங்குவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது ஸ்ரீலேகாவுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. இப்போதும் குற்றம் ஆல்பத்தின் மேல்தான். சுஷ்மா அவனைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மகன் செய்தது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வேஷ்டி நுனியால் பிளாஸ்டிக் பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் டின்னுல முப்பத்தொன்பதைத் தவிர எல்லாத் துண்டும் இருந்துச்சு, ஐயா," என்றார் ஜெயினுலாப்தீன். குரல் உயரவில்லை. "உங்க கைக்குத்தான் முதல்ல தெரியும். மத்ததோட மல்லாடின கை. அது திறந்த விதத்துலயே பசைன்னு தெரிஞ்சிருக்கும். சாவியை யார்கிட்ட கொடுத்தோம்னும் தெரியும். அதனாலதான் அந்தத் துண்டைப் போட்டீங்க, மிச்சத்தை உடைக்காம நிறுத்தினீங்க. வேற எதெல்லாம் போலியோன்னு பயம்."

"தெரியும்," என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"அப்பா," என்றாள் சுஷ்மா. "தெரிஞ்சுமா?"

"நீ வேற ஆத்துப் பொண்ணு. உனக்குப் போறதுக்குச் செம்பூர்ல ஒரு ஆம் இருக்கு. இவனுக்கு எங்கே இருக்கு?" அதைக் கோபமில்லாமல், கணக்குப் பாடம் நடத்துகிறவர் மாதிரி சொன்னார். "நீ தாங்குவே. இவன் தாங்க மாட்டான்."

ஜெயராம் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாடி ஏறிப் போனார்.

நகுல் பேச ஆரம்பித்தான். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும், அவள் இன்றைக்கே வந்துவிடலாம், வெளியில் மட்டும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்றெல்லாம். சுஷ்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்கு உங்க யார்கிட்டயும் ஒண்ணும் வேண்டாம். தாரிணி இனிமே என்னோட இருப்பா. அதுக்கு முன்னாடி அப்பா அவகிட்ட ஒண்ணு சொல்லணும். நான் எடுக்கலைன்னு. அவர் வாயால."

"அதுதான் சரி," என்றார் ஜெயினுலாப்தீன். "பழியை ஏத்தி வெச்ச ஆள்தான் இறக்கணும்."

கிழவர் மேஜைமேல் இருந்த பிளேயரை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு தலையை ஆட்டினார். ஸ்ரீலேகா கீழே ஓடிப் போய்க் குழந்தையைக் கூட்டி வந்தாள். வழியெல்லாம் அதன் கையை இறுகப் பிடித்திருந்தாள். தன் வாழ்க்கையில் இப்படி ஒரு நல்ல காரியம் செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தாரிணி வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. தாத்தாவைப் பார்த்தாள்.

"இங்கே வா கண்ணா," என்றார் தாத்தா. அவர் குரல் இப்போதுதான் முதல் தடவையாகத் தடுமாறியது. "அம்மா அந்தக் காசை எடுக்கலை. தாத்தா தப்பாச் சொல்லிட்டேன். அம்மா எடுக்கவே இல்லை."

குழந்தையின் முகம் மலர்ந்தது. நேரே அம்மாவிடம் வந்தாள். "தெரியும்மா. நீ எடுக்கலை. நீ ரொம்ப நல்ல அம்மா," என்று நிறுத்தி நிறுத்தி, ஸ்கூலில் ஒப்பிப்பது போலத் திருத்தமாகச் சொன்னாள். சுஷ்மா தரையில் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டு, அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். ஸ்ரீலேகாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மாவின் தோளுக்கு மேலாகத் தாரிணி தாத்தாவைப் பார்த்தாள்.

"கரெக்டா சொன்னேனா தாத்தா?"

சுஷ்மாவின் அழுகை நின்றது.

"என்னடி சொல்றே?"

"அம்மா என்னிக்காவது திரும்பி வந்தா, 'நீ எடுக்கலை'ன்னுதான் சொல்லணும், இல்லேன்னா அவ அழுவான்னு தாத்தா சொல்லிக் கொடுத்தா. தாத்தாவும் அப்படியே சொல்லுவேன்னா. நான் மறக்கவே இல்லை."

வேங்கடசுப்ரமணியன் நாற்காலியிலிருந்து இறங்கிக் குழந்தைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இல்லைடா கண்ணா. அது வேற. இது நெஜம். தாத்தா நெஜமாவே சொல்றேன். அம்மா எடுக்கலை."

ஸ்ரீலேகா ஜெயினுலாப்தீனைப் பார்த்தாள். ஒட்டின ஸ்லாப்பை அதன் சத்தத்தில் கண்டுபிடித்த மனிதர், எதையாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் குனிந்து, தரையில் தெறித்துக் கிடந்த பிளாஸ்டிக் துண்டைப் பொறுக்கி மேஜையில் வைத்தார்.

"ஆமா தாத்தா, நெஜம்," என்றாள் தாரிணி. ஒற்றைக் கண்ணைச் சிமிட்ட அவளுக்கு இன்னும் வரவில்லை. இரண்டு கண்ணையும் சேர்த்துச் சிமிட்டினாள்.